பக்கத்து வீட்டு வேப்பமரம் காய்கிறது, எங்கள் ஷீட் கூரைப் பக்கம் சாய்ந்தும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மத்தூர் தையல்:

வணக்கம். போச்சம்பள்ளி தாலுகாவில் மத்தூர் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை இருக்கிறது. என் தையல் மிஷின் அங்கேதான். பகல் முழுக்க நான் அங்கே உட்கார்ந்திருப்பேன், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அறைக்குப் பின்னால் ஹாலோ பிளாக் சுவர். சுவருக்கு அந்தப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வேப்பமரம். மாமியார் கல்யாணமாகி வந்தபோதே அது பெரிய மரமாம். இரண்டு பேர் கை கோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும்.

மரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுடையது. சொந்தம் இல்லை, ஆனால் அப்படித்தான் கூப்பிடுவோம். தனியாக இருக்கிறார், மகன் பெங்களூரில். மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார். ஆடியில் எங்கள் தெருவுக்கே கூழ் ஊற்றுவது அந்த மரத்தடியில்தான். அதனால் இது சும்மா ஒரு மரத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்பது எனக்கும் புரிகிறது.

கார்த்திகை மழை முடிந்ததிலிருந்து கிளை நுனியெல்லாம் கருகிக்கொண்டே வந்தது. இப்போது தை. மேலே பாதி மரம் பழுப்பாக நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் ‘மரம் செத்துப்போச்சு’ என்கிறார்கள்.

எனக்கு அதைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. போன வருஷம் கோடையில் பெரியம்மா மகன் வந்து புதுசாகச் செப்டிக் டேங்க் கட்டினார். ஜேசிபி வைத்துக் குழி தோண்டியது மரத்துக்கு அந்தப்பக்கம், அதாவது எங்களுக்கு எதிர்ப்பக்கம். என் கை மணிக்கட்டு தடிமனுக்கு வேர்கள் அறுந்து கிடந்ததை நானே பார்த்தேன். அதற்கப்புறம் மரம் எங்கள் பக்கம் கூடுதலாகச் சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அவரைக் கேட்டால் ‘அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்.

எல்லாரும் சொல்கிற ஒரே பதில், 2024 ஃபெஞ்சல் புயலுக்கே விழாத மரம் இனிமேலா விழப்போகிறது என்பது. உண்மைதான். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிய அந்த மழையில் இங்கேயும் வாசலில் தண்ணீர் ஓடியது, மரம் அசையவில்லை. ஆனால் குழி தோண்டியது அதற்கு அப்புறம்! இதைச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பெரியம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “அம்மன் மரம் யார் மேலயும் விழாதும்மா” என்று முடித்துவிட்டார். என் மாமியாரும் அவர் கட்சி.

இலை குப்பை பற்றி எனக்குப் புகார் இல்லை. சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே மிஷின் மிதிக்க முடிவதே அந்த நிழலால்தான். மரம் போக வேண்டும் என்று ஆசைப்படவில்லை, ஆபத்து உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மரம் நிஜமாகவே செத்துக்கொண்டிருக்கிறதா? எங்கள் பக்கம் வந்த கிளைகளை நாங்களே வெட்டலாமா? பெரியம்மாவோடு முகம் முறியாமல் இதை எப்படி நடத்துவது?

பர்கூர் பாய்ஸ்:

ரொம்ப யோசிக்காதீங்க அக்கா. வேர்ல ஓட்டை போட்டு ஆசிட் ஊத்துங்க. ஆறு மாசத்துல தானா பட்டுப்போகும். யாருக்கும் தெரியாது, சண்டையும் இல்லை.

ஓய்வு வனவர், தருமபுரி:

தம்பி பர்கூர், நல்ல யோசனை! பட்டுப்போன மரம் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுவிட்டு ஊற்றச் சொல்லியிருக்கலாம். விஷம் வைத்துக் கொன்ற மரத்தின் கிளை முறுமுறுவென்று உலர்ந்து அந்த அம்மாவின் கூரை மேலேயே கொட்டும். பட்ட மரத்தில் ஏற எந்த ஆளும் ஒத்துக்கொள்ள மாட்டான். அடுத்தவர் சொத்தை அழித்ததாகப் போலீஸ் கேஸும் சேர்ந்து வரும். இதை இத்தோடு விடுவோம்.

அம்மா, நான் வனத்துறையில் வனவராக இருந்தவன். நீங்கள் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பயப்படுகிறீர்கள். தெருவே பயப்படுகிற விஷயம் பெரும்பாலும் ஒன்றுமில்லை. தெரு காதில் போட்டுக்கொள்ளாததுதான் பெரிய விஷயம்.

முதலில் நுனிக்கருகல். மழைக்காலக் கடைசியில் தொடங்கி தை வரை வேம்பு இப்படிக் கருகி நிற்பதைக் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பார்க்கலாம், தெலங்கானா வரைக்கும் உண்டு. ஃபோமாப்ஸிஸ் என்ற பூஞ்சை செய்கிற வேலை அது. தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சியும் தளிரில் சாறு உறிஞ்சிக் கருக வைக்கும். இரண்டும் சேர்ந்த வருஷம் மரம் தீயில் வாட்டியது மாதிரி ஆகிவிடும். சின்னக் கன்று என்றால் செத்துவிடலாம். வளர்ந்த மரம் பங்குனி வெயில் ஏறியதும் பக்கக் கணுக்களில் துளிர்த்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் கருகிய நுனிக்குக் கீழே விரல் தடிமனுள்ள இடத்தில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. மருந்து அடிக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். அவ்வளவு உயரத்துக்கு அடித்தால் பாதி மருந்து உங்கள் சமையலறையில்தான் இறங்கும்.

இனி வேர். மரத்தின் வேர் பூமிக்குள் ஆழமாகப் போயிருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேர் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் படர்ந்திருக்கும். நம் பக்கம் செம்மண் மெல்லிசு, அடியில் கல். அதனால் இன்னும் மேலாகவே ஓடும். சாய்ந்த மரத்தை இழுத்துப் பிடித்து வைப்பது சாய்வுக்கு எதிர்ப்பக்க வேர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஜேசிபி அறுத்தது அந்த வேர்களைத்தான். புயலுக்குத் தாங்கிய மரம் வேறு, இப்போது நிற்கிற மரம் வேறு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

பெரியம்மா சம்மதத்தோடு, முடிந்தால் அவரையும் கூட வைத்துக்கொண்டு அடிமரத்தைப் பாருங்கள். செப்டிக் டேங்க் பக்கம் மண்ணில் பிறை வடிவத்தில் வெடிப்பு ஓடுகிறதா, மண் லேசாக மேலே தூக்கியிருக்கிறதா? காற்றடிக்கும்போது அந்த இடத்தில் கால் வைத்தால் மண் மூச்சு விடுவது மாதிரி ஏறி இறங்குவது தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அதற்குமேல் சோதனை தேவையில்லை, உடனே ஆள் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது காளான். அடிமரத்திலோ வேர் மேலோ தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு, மேலே காவி நிறத்தில் மெருகோடு, ஓரம் வெள்ளையாக, கட்டையாக இருக்கும். தென்னையில் அடித்தண்டழுகல் என்று சொல்கிறோமே, அதைச் செய்கிற கானோடெர்மா இனம் வேம்பையும் விடாது. காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வெகுநாளாக அழுகிக்கொண்டிருக்கிறது. கரையானுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்னும்.

உலக்கையின் பூண் இல்லாத முனையால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். கட்டியான இடமும் பொந்தான இடமும் காதுக்கே வித்தியாசம் காட்டும். பொந்து இருந்தாலே மரம் விழும் என்பதில்லை. சுற்றி மிச்சமிருக்கிற நல்ல கட்டை, மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் தண்டு பொதுவாகத் தாங்கும். உங்கள் மரம் இரண்டு பேர் கைக்கு என்றால் சுற்றளவு பத்தடி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே மூன்றடிக்குச் சற்று மேல், ஆரம் ஒன்றரை அடி, ஆறு அங்குலக் கட்டை வேண்டும். ஆனால் இது தண்டு முறிவதற்கான கணக்கு. வேரோடு சாய்வதற்கு இந்தக் கணக்கு உதவாது.

சாய்வு பழசா புதுசா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பல வருஷம் சாய்ந்தே வளர்ந்த மரம் மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருக்கும். அடியிலிருந்து நுனி வரை நேர்க்கோடாகச் சாய்ந்திருந்தால் சமீபத்தில் சாய்ந்தது. உங்கள் பின்வாசலில் ஒரே இடத்தில் நின்று, சுவர் ஓரமும் தண்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி அவ்வப்போது போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் வாயடைக்கவாவது உதவும்.

சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் வருகிற சூறைக்காற்றுதான் நம் ஊரில் மரத்துக்கு எமன். பங்குனியில் புதுத்தளிர் வந்து காற்றுக்குப் பாய் விரித்து நிற்கும் நேரமும் அதுதான். என் சர்வீஸில் விழுந்து பார்த்த மரங்களில் பச்சைப்பசேலென்று இருந்தவைதான் அதிகம். மாசிக்குள் முடிவு எடுங்கள்.

மனு எழுதுபவர், கிருஷ்ணகிரி:

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மரத் தகராறு மாதத்துக்கு ஒன்றாவது வரும்.

உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கிற கிளையை உங்கள் பக்கம் நின்றபடி எல்லை வரைக்கும் வெட்டலாம். சுவர் தாண்டி ஏறக் கூடாது. வெட்டிய கட்டையும் காயும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். ஆனால் சாய்ந்த மரத்தில் ஒரு பக்கக் கிளையை நீங்களாக வெட்டி, நாளைக்கு மரத்துக்கு ஏதாவது ஆனால் பழி உங்கள் தலையில். சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

மரம் யார் பட்டாவில் இருக்கிறது என்பதை முதலில் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். நத்தம் வீட்டுமனை என்றால் பழைய அளவும் சுவரும் ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். புறம்போக்கில் நிற்கிறது என்றால் பெரியம்மாவும் வெட்ட முடியாது, நீங்களும் முடியாது. வருவாய்த்துறை அனுமதி வேண்டும்.

பேசித் தீராவிட்டால் சட்டத்தில் வழி இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் என்கிற புதுச் சட்டத்தின் 152ஆவது பிரிவு. விழுந்து ஆளுக்கு ஆபத்து வரும் நிலையில் இருக்கிற மரம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுத்தால் விசாரித்து, மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போடலாம். உங்கள் தாலுகாவுக்குக் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், அங்கிருந்தும் இறங்கிக் கீழேதான் வரும். வி.ஏ.ஓ. அறிக்கைதான் முக்கியம் என்பதால் அவரை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

மனுவுக்கு முன்னால் பெரியம்மா மகனுக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் (பதிவுத் தபால் 2025இல் அதோடு சேர்ந்துவிட்டது), கொடுத்ததற்கான அத்தாட்சியோடு. ‘வேர் அறுந்திருக்கிறது, மரம் சாய்ந்திருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன்’ என்று நாலு வரி. ஆபத்து தெரிந்தும் சும்மா இருந்தார் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டதை மட்டும் நம்பாதீர்கள். தெருவில் பேச்சாகிவிடும் என்றால் முதலில் போனில் பேசிவிட்டு, ‘ரெக்கார்டுக்கு ஒரு தபால் போடுகிறேன் அண்ணா’ என்று சொல்லிவிட்டே போடுங்கள்.

பாலக்கோடு அக்கா:

மனு எல்லாம் அப்புறம் கண்ணு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு முழம் பூவோடு நீயும் போய் நில்லு. புகார் சொல்லப் போகாதே, மரத்தைப் பார்க்கப் போ.

எங்கள் தெருவிலும் இப்படி ஒரு வேம்பு இருந்தது. பூசாரியைக் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, உத்தரவு கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள். பக்கத்திலேயே ஒரு கன்று வைத்து மஞ்சள் துணியை அதற்கு மாற்றிக் கட்டினார்கள். அந்த மரத்துக் கொட்டையிலேயே கன்று வேண்டும் என்றால் ஆனி, ஆடியில் பழம் விழுகிற சூட்டோடு பொறுக்கிப் போட வேண்டும். டப்பாவில் எடுத்து வைத்து ஐப்பசி மழையில் போட்டால் முளைக்காது, நான் பார்த்திருக்கிறேன். மரத்தடியில் தானாக முளைத்த கன்று இருந்தால் இன்னும் சுலபம், இப்போதே பையில் எடுத்து வைத்துவிடலாம்.

பெரியம்மாவுக்கு மரம் விழும் என்ற பயம் இல்லை, அம்மன் வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். அதற்குப் பதில் சொன்னால் மீதி தன்னால் நடக்கும்.

மத்தூர் தையல்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பாலக்கோடு அக்கா சொன்ன மாதிரி வெள்ளிக்கிழமை பூ வாங்கிக்கொண்டு போனேன். பழைய துணி மழையில் நனைந்து சாயம் போயிருந்ததால், தையல் துண்டிலிருந்து புதுசாக ஒரு மஞ்சள் துணி கிழித்து எடுத்துப் போயிருந்தேன். பெரியம்மா சந்தோஷமாகப் பழைய துணியைப் பிரித்தார். உள்பக்கம், முழங்கால் உயரத்தில், வனவர் சார் எழுதியது அப்படியே: காவி நிறம், வார்னிஷ் அடித்த மெருகு, ஓரம் வெள்ளை. என் உள்ளங்கையைவிடப் பெரிசு, கீழே இன்னொன்று சின்னதாக. அதை மறைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் துணி சுற்றியிருந்தது. பெரியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, “இது என்னடி, கட்டையாட்டம் இருக்குது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மிஷின் கழற்றுகிற நீள ஸ்குரூ டிரைவரைக் காளானுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் போய்விட்டது, வெளியே வந்தபோது ஈரமான தவிடாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கட்டையில் அதே டிரைவர் நுனிகூட இறங்கவில்லை.

டேங்க் பக்கம் மண்ணில் வெடிப்பு இருக்கிறது. மேலே சருகு மூடியிருந்தது, தள்ளிப் பார்த்தால் என் சுண்டுவிரல் உள்ளே போகிறது.

நகத்தால் கீறிப் பார்த்ததில் கிளை பச்சை. பெரியம்மா அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார், ‘பாரு, உசுரு இருக்குது’ என்று. மகனுக்கு வீடியோ கால் போட்டு வெடிப்பையும் டிரைவரையும் காட்டினேன். ‘பொங்கலுக்கு வந்தப்ப நல்லாத்தானே இருந்தது’ என்றார். குழி தோண்டிய பேச்சை நான் எடுக்கவில்லை, அவராகவே எடுத்தார். மனு எழுதுபவர் அண்ணா, தபால் இப்போது தேவைப்படவில்லை, ஆனால் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு என்னவென்றால், மரத்தை வேரோடு எடுக்க வேண்டாம், சுவர் உயரத்துக்கு அடிமரத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே எல்லாவற்றையும் இறக்கிவிடுவது. பெரியம்மா விளக்கு வைக்க அடிமரம் வேண்டும் என்றார். மாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள். என் மாமியார் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. மரம் வெட்டுகிற ஆள் ஒருவர் கட்டையை எடுத்துக்கொண்டு இலவசமாக வெட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கூலி கேட்கிறார், கட்டை நமக்கு. மகன் இலவசம் என்றால் சரி என்கிறார். எது நல்லது? அடிமரத்தை விட்டால் ஆபத்து இல்லையே?

ஓய்வு வனவர், தருமபுரி:

ஆளுயர அடிமரத்துக்குக் காற்று பிடிக்க ஒன்றும் இல்லை, நிற்கும். அதிலிருந்து துளிர் வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துளிரைக் கழித்துவிடச் சொல்லுங்கள், அழுகிய அடி மேல் மறுபடி பெரிய கிளை ஏறக் கூடாது. வெட்டிய முகத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்பது கணக்கு, உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், இரும்புப் பாத்திரம் ஆகாது.

ஆள் விஷயத்தில் இலவசத்துக்கு என் ஓட்டு இல்லை. கட்டைக்காக வருகிறவனுக்கு நீளக் கட்டை வேண்டும், அடியில் வெட்டி ஒரேயடியாகச் சாய்க்கப் பார்ப்பான். உங்களுக்கு வேண்டியது நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்குகிறவன். ஒவ்வொரு பெரிய கிளைக்கும் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்கிறானா என்று கேளுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு அடி வரை கிழியும். இதைக் கேட்டதும் சிரிக்கிற ஆளை அனுப்பிவிடுங்கள். கட்டை பெரியம்மாவுடையது, அதை விற்றுக் கூலியில் கழித்துக்கொள்ளட்டும். வேம்புக்கு நல்ல விலை உண்டு, நிலை, ஜன்னலுக்கு எடுப்பார்கள், செல்லரிக்காது.

வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் மரத்தை ஒட்டிப் போகிறதா? போனால் முந்தின நாளே ஈ.பி. செக்‌ஷன் ஆபீசில் எழுதிக் கொடுத்து, வெட்டுகிற நேரத்துக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே ஆள் கிடைக்காவிட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

உங்கள் அறைக்கு மேலே உள்ள ஷீட்டை அன்று கழற்றி வைப்பதென்றால் ஜே போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்துக் கழற்றச் சொல்லுங்கள், துரு பிடித்ததைத் திருகினால் ஷீட்தான் உடையும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், நனைத்துவிட்டு முழுசாக இறக்குங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. மிஷினையும் தைக்கக் கொடுத்த துணிகளையும் முன் ரூமுக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாளாகப் பார்த்து வையுங்கள், ஞாயிறு வேண்டாம்.